தாயக்கட்டையா, கேரம் பலகையா: ரிம்வேர்ல்டின் ‘நிஜச் சண்டை’ மோட் பற்றி ஓர் எளிய விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பெரிய சாலையோரம் இருக்கும் மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், போன சனிக்கிழமை இரவு என் அக்கா மகனும் அவன் கூட்டாளியும் ஒரே பொருளைப் பற்றி இரண்டு கதை சொன்னார்கள்.

“மாமா, அத போட்டா நம்ம ஆளுங்க சாவவே மாட்டாங்க. ஏமாத்து வேல அது,” என்றான் மருமகன்.

கூட்டாளி தே தாரிக் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, “இல்ல அங்கிள், நான் போட்டு ரெண்டாவது சண்டையிலேயே எல்லாரும் செத்துட்டாங்க,” என்றான்.

இருவரும் பேசியது ‘ரிம்வேர்ல்டு’ என்ற கணினி விளையாட்டுக்கான ‘கம்பேட் எக்ஸ்டெண்டட்’ மோட் பற்றி. சண்டையை நிஜத்துக்குப் பக்கமாகக் கொண்டுவருகிறது என்று பெயர் வாங்கிய மோட் அது. இரண்டு பேரும் நடந்ததைத்தான் சொன்னார்கள். ஒரே மோட் ஒருவனுடைய ஆட்களுக்குச் சாகாவரம் கொடுத்து, இன்னொருவனுடைய ஆட்களை அடியோடு முடித்திருக்கிறது.

பல வருடமாக இதை விளையாடுகிறேன். ‘நிஜம்’ என்ற சொல்லை ஆளுக்கொரு பொருளில் எடுத்துக்கொண்டு வாதாடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சிலருக்கு அது ‘கஷ்டம்’, சிலருக்கு ‘ரத்தம்’, சிலருக்கு ‘நிறைய துப்பாக்கி’. மூன்றுமே இந்த மோட் செய்யும் வேலையைத் தொடவில்லை. அது உண்மையில் மாற்றுவது, ஒரு குண்டு என்ன ஆகும் என்று விளையாட்டு முடிவு செய்யும் முறையை. அன்று கடையில் சத்தத்துக்கு நடுவே சொல்ல முடியாமல் போனதை இங்கே அடியிலிருந்து சொல்கிறேன். விளையாட்டையே பார்த்திராதவர்களும் தொடர்ந்து வரலாம்.

முதலில், விளையாட்டு எது?

ரிம்வேர்ல்டை உருவாக்கியவர் டைனன் சில்வெஸ்டர். நிறுவனம் லுடியான் ஸ்டூடியோஸ். 2013இல் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தொடங்கி, 2018 அக்டோபரில் முழுப் பதிப்பாக வந்தது. விண்கலம் உடைந்து, முன்பின் தெரியாத ஒரு கிரகத்தில் விழுந்த சில பேரை வைத்துக் குடியிருப்பு கட்ட வேண்டும்.

தோட்டத்து ஆட்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். புதுத் தோட்டம் திறப்பது மாதிரி. காட்டை வெட்டு, தொழிலாளர் குடியிருக்க லயம் கட்டு, சமையல்கட்டு போடு, பயிர் வை, நோயாளிக்கு ஒரு கட்டில் ஒதுக்கு. யாருக்கு எந்த வேலை வரும், யார் யாரோடு ஒத்துப்போக மாட்டார்கள் என்று கங்காணி பார்ப்பதுபோல நாம் பார்க்க வேண்டும். நடுநடுவே கொள்ளைக் கூட்டம் வரும். அப்போதுதான் சண்டை.

மோட் என்பது, விளையாட்டைச் செய்தவர்கள் அல்லாமல் விளையாடுகிறவர்கள் எழுதிச் சேர்க்கும் மாற்றம். கப்சாய் மோட்டார் சைக்கிளில் ஸ்டிக்கர் ஒட்டுவதும் மாற்றம்தான், இஞ்சினை இறக்கி வேறு இஞ்சின் வைப்பதும் மாற்றம்தான். புதுத் தொப்பி, புது நாற்காலி சேர்க்கும் மோட்கள் முதல் வகை. கம்பேட் எக்ஸ்டெண்டட் இரண்டாவது வகை. ‘கம்பேட் ரியலிசம்’ என்ற பழைய மோட்டின் வழியில் வந்தது. தன்னார்வலர்கள் பலர் சேர்ந்து எழுதுகிறார்கள். நிரல் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது.

மூல விளையாட்டு: தாயக்கட்டை

மோட் எதுவும் போடாத விளையாட்டில் ஒருவன் சுடும்போது என்ன நடக்கிறது? தாயம் உருட்டுவதுதான் நடக்கிறது. குண்டு துப்பாக்கியை விட்டுக் கிளம்பும்போதே அது படுமா, படாதா என்று உள்ளே கட்டை உருண்டுவிடும்.

கட்டை சும்மா உருளவில்லை, கணக்குப் பார்த்துத்தான் உருள்கிறது. சுடுகிறவன் திறமைக்கு ஏற்ப, தரையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு துல்லியம் உண்டு. ஒருவனுக்கு அது 97 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டம் தள்ளி நிற்பவனுக்கு 97. அடுத்த கட்டத்துக்கு அந்த 97இல் 97 விழுக்காடு. இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் 10 கட்டத்தில் 74, 20 கட்டத்தில் 54, 30 கட்டத்தில் 40 என்று இறங்கிவிடும். இதன்மேல் துப்பாக்கியின் துல்லியம், மழை, பனிமூட்டம் எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். எதிராளி மணல் மூட்டைக்குப் பின்னால் நின்றால் அது 55 விழுக்காடு மறைப்பு என்று இன்னொரு கழித்தல்.

மணல் மூட்டையின் உயரம் இதில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மூட்டை ஓர் எண் மட்டும்தான். மூட்டைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் தலைக்கும், மூட்டைக்குப் பின்னால் மறைந்திருக்கும் காலுக்கும் அது ஒரே எண்.

சட்டையும் அப்படித்தான். கவசத்தின் மதிப்பு 80, குண்டின் ஊடுருவல் 20 என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். ஊடுருவல் என்பது கவசத்தைத் துளைக்கும் சக்தி. 80இல் 20 போக 60. இப்போது 100க்குள் ஓர் எண் உருட்டப்படும். 30க்குக் கீழே விழுந்தால் காயமே இல்லை. 30க்கும் 60க்கும் நடுவே விழுந்தால் பாதிக் காயம். 60க்கு மேல் விழுந்தால் சட்டையே போடாதவன் மாதிரி முழுக் காயம். அதே சட்டை, அதே குண்டு, அதே தூரம். மூன்று தடவைக்கு மூன்று முடிவு வரலாம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ரிம்வேர்ல்டு கதை பிறக்க வேண்டும் என்றே செய்யப்பட்ட விளையாட்டு. ஈட்டிக்காரன் ஒருவன் அதிர்ஷ்டத்தில் நம் பெரிய வீரனை வீழ்த்திவிடுவதும் நல்ல கதைதான்.

இதுவரை பார்த்தது: மூல விளையாட்டில் தூரம், மறைப்பு, கவசம் எல்லாம் எண்களாக மாறி, கடைசியில் கட்டை உருண்டு முடிவாகிறது. நாம் கட்டையை நமக்குச் சாதகமாகச் சாய்க்கலாம், அவ்வளவுதான்.

மோட் போட்ட பிறகு: கேரம் பலகை

கேரம் ஆடும்போது யாரும் ‘இந்தக் காய் விழ 60 விழுக்காடு வாய்ப்பு’ என்று கட்டை உருட்டுவதில்லை. ஸ்ட்ரைக்கர் எந்தக் கோணத்தில் போனதோ அந்தக் கோணத்தில் போகும். வழியில் காய் இருந்தால் இடிக்கும். விரல் நடுங்கினால் கோணம் மாறும். தவறிய ஸ்ட்ரைக்கர் மறைந்துவிடாது. அது போய் வேறு எதையாவது தட்டும்.

கம்பேட் எக்ஸ்டெண்டட் செய்வது இந்த மாற்றத்தைத்தான். ஒவ்வொரு குண்டும் ஒரு கோணத்தில், ஒரு வேகத்தில், ஓர் உயரத்தில் கிளம்பிப் பறக்கிறது. எது வழியில் வருகிறதோ அதைத் தாக்குகிறது.

‘உயரம்’ என்ற சொல்லில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. நமக்குத் திரையில் தெரிவது மேலிருந்து பார்க்கும் தட்டைப் படம். ஆனால் மோட் உள்ளுக்குள் ஒவ்வொன்றுக்கும் உயரம் வைத்திருக்கிறது: ஆளுக்கு, மூட்டைக்கு, சுவருக்கு, மரத்துக்கு, கோழிக்கு. சின்ன வயதில் தோட்டத்தில் நாங்கள் ‘லஸ்டிக்’ வைத்து மாங்காய் அடிப்போம். தமிழ்நாட்டில் உண்டிவில் என்பார்கள். தூரத்து மாங்காய்க்குக் கொஞ்சம் மேலே குறி வைக்க வேண்டும், கல் வளைந்து இறங்கும். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் டின்னை அடிக்க, கல் வேலிக்கு மேலே போக வேண்டும். இந்த மோட்டில் குண்டும் அப்படித்தான் போகிறது.

இதனால் மணல் மூட்டையின் பொருளே மாறிவிடுகிறது. மூட்டைக்குப் பின்னால் நம் ஆள் குனிந்து சுடுகிறான். தாழப் பறந்துவரும் குண்டு மூட்டையில் புதைகிறது. சற்று மேலே வருவது அவன் தலையிலோ தோளிலோ படுகிறது. காலில் பட வழியே இல்லை, கால் மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே மறைப்பில் நின்று சண்டை போடுகிறவனுக்கு நல்ல சட்டையைவிட நல்ல தலைக்கவசம்தான் முதலில் வேண்டும். எனக்குத் தெரிந்து புதியவர்கள் முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சட்டைக்கு எஃகைக் கொட்டிவிட்டு, தலையில் துணித் தொப்பியோடு ஆளை நிறுத்துகிறார்கள்.

சரி, அப்படியென்றால் திறமைக்கு இடமில்லையா? இருக்கிறது, கேரம் விரலைப் போல. குறியைத் தவறவைப்பவை சில உண்டு. ஆளின் கை ஆடுவது ஒன்று. துப்பாக்கி தானாகவே குண்டைக் கொஞ்சம் அகட்டி விடுவது சிதறல். ஒரு குண்டு கிளம்பியதும் துப்பாக்கி பின்னுக்கு உதைத்து அடுத்த குண்டின் குறியைக் கெடுப்பது உதைப்பு. இவை போக, எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்ற கணிப்பு, ஓடுகிறவன் அடுத்த நொடி எங்கே இருப்பான் என்ற கணிப்பு. ஓடும் அணிலை லஸ்டிக்கால் அடிக்கப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசிக் கணிப்பு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். திறமை கூடக் கூட இந்தப் பிழைகள் சிறுத்துப் போகும். இருட்டும் புகையும் அவற்றைப் பெருக்கும்.

தற்செயல் இங்கேயும் இருக்கிறது, ஆனால் அது விரல் நடுக்கத்தில் இருக்கிறது. காய் எங்கே விழும் என்பதில் இல்லை.

துப்பாக்கிக்கு ஒற்றை, சிறு தொடர், முழுத் தொடர் என்று சுடும் முறைகள் உண்டு. முழுத் தொடரில் முதல் குண்டுக்கு இருக்கும் குறி ஐந்தாவது குண்டுக்கு இருக்காது. உதைப்பு அதை மேலே தூக்கிவிடும். எட்டத்தில் இருப்பவனுக்கு ஒற்றை, வாசலுக்கே வந்துவிட்டவனுக்குத் தொடர். எனக்குப் பழக்கம் இது.

முள்ளும் குலையும்: கவசம் எப்படி வேலை செய்கிறது

அப்பா செம்பனை வெட்டியவர். நீளக் கம்பு முனையில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடி மட்டையையும் குலையையும் அறுக்கும் வேலை. அவர் வேலைக்குப் போகும்போது போட்டுக்கொண்ட இரண்டு பொருள்களை வைத்தே இந்த மோட்டின் கவசத்தை முழுக்கப் புரிந்துகொள்ளலாம்: காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் ஹெல்மெட்.

செம்பனை மட்டையின் அடிப்பகுதி முழுக்க முள். துணிக் காலணியோடு மிதித்தால் ஏறிவிடும். தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸோடு மிதித்தால் ஏறாது. இதில் அதிர்ஷ்டம் எங்கே வருகிறது? அடிப்பாகத்தின் தடிமன் முள்ளின் வலுவைவிட அதிகமா, குறைவா என்பது மட்டும்தான் கேள்வி. நூறு தடவை மிதித்தாலும் நூறு தடவையும் ஒரே பதில்.

மோட்டில் கூர்மையான தாக்குதல், அதாவது குண்டு, கத்தி, அம்பு, இப்படித்தான் கணக்கிடப்படுகிறது. கவசத்தின் தடுப்பு மில்லிமீட்டரில் இருக்கும். எதன் மில்லிமீட்டர்? ராணுவ வாகனக் கவசங்களை ஒப்பிடப் பயன்படும் ஒரு தரமான எஃகுத் தகடு இருக்கிறது. ‘இந்தச் சட்டை இத்தனை மில்லிமீட்டர் எஃகுக்குச் சமம்’ என்று சொல்வார்கள். குண்டின் ஊடுருவலும் அதே அளவில்தான். குண்டு 6 மில்லிமீட்டர் துளைக்கும், சட்டை 10 மில்லிமீட்டருக்குச் சமம் என்றால் அது உள்ளே போகாது. குண்டு 15 துளைக்கும் என்றால் போகும். போகும் வழியில் வலுவில் ஒரு பங்கை இழந்துவிட்டுத்தான் போகும். உள்ளே இன்னொரு சட்டை இருந்தால் மிச்ச வலுவோடு அதையும் கடக்க வேண்டும்.

இப்போது ஹெல்மெட்டுக்கு வருவோம். பழுத்த குலை 20 கிலோகூட இருக்கும். அது ஹெல்மெட்டைத் துளைக்காது. ஆனால் அடியில் நின்றவன் கழுத்து என்ன ஆகும்? துளைக்காத பொருளும் ஆளை முடக்கும். அப்பா ஒரு தடவை குலையில் பட்ட மட்டை திரும்பி வந்து ஹெல்மெட்டில் விழுந்து, ஒரு வாரம் தலையைத் திருப்ப முடியாமல் படுத்திருந்தார். ஹெல்மெட்டில் ஒரு கீறல்தான். அதை எடுத்து விரலால் தடவிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. இவ்வளவு சின்னக் கீறலுக்கா இப்படி என்று தோன்றியது.

இதற்குத்தான் மோட்டில் இரண்டாவது கணக்கு: மொத்தை அடி. அதன் அளவு மெகா பாஸ்கல், அதாவது அழுத்தத்தின் அளவு. தடி, சுத்தியல், வெடியின் அதிர்வு எல்லாம் இதில் சேரும். இன்னொன்றும் சேரும்: கவசத்தில் நின்றுபோன குண்டு. உள்ளே போகாவிட்டாலும் அதன் வேகம் எங்காவது போயாக வேண்டும். அது மொத்தை அடியாக மாறி உள்ளே இருப்பவன் உடம்பில் இறங்குகிறது. கன்றிப்போகும், சில சமயம் எலும்பும் விரியும். அதனால் கனத்த கவசம் போட்டவனைச் சாய்க்கத் தெரிந்தவர்கள் வாளை எடுக்க மாட்டார்கள், கதாயுதத்தை எடுப்பார்கள்.

குண்டிலும் வகை உண்டு. கவசம் துளைக்கும் வகை ஆழமாகப் போகும், உள்ளே செய்யும் காயம் குறைவு. முனை குழிந்த வகை உடம்பில் பெரிய காயம் செய்யும், ஆனால் நல்ல சட்டையில் நின்றுவிடும். சாதாரண வகை நடுவே. எதிரே வருகிறவன் என்ன போட்டிருக்கிறான் என்று பார்த்துத்தான் எதை நிரப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். ‘சென்டிபீட்’ என்ற பெரிய இயந்திர எதிரி வரும்போது கைத்துப்பாக்கியோடு நிற்பது, ஈர்க்குச்சியால் பூட்ஸைக் குத்துவதுதான்.

இதுவரை பார்த்தது: குண்டு பறக்கிறது, வழியில் இருப்பதைத் தாக்குகிறது. தாக்கிய இடத்தில் தடிமனுக்கும் ஊடுருவலுக்கும் நேர் ஒப்பீடு. துளைத்தால் காயம், துளைக்காவிட்டால் மொத்தை அடி.

தலை தூக்க முடியாத நேரம்

எங்கள் ஊரில் இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயா முழுக்க அவசரகாலம் வந்தது; 1960 ஜூலை வரை நீடித்தது. பாட்டி அப்போது இளம் பெண், தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். ஒரு ராத்திரி ரப்பர் மரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து சூடு கேட்டது என்பார். யாரை யார் சுடுகிறார்கள் என்று தெரியாது. லயத்தில் இருந்த அத்தனை பேரும் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்துவிட்டார்கள். பிள்ளைகள் வாயில் அம்மாக்கள் கை. விடியும் வரை ஒருவரும் எழவில்லை. ஒரு குண்டுகூட லயத்தில் படவில்லை.

பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் தரையின் குளிர்ச்சியைப் பற்றித்தான் பேசுவார். கன்னத்தில் அந்தக் குளிர் இன்னும் இருக்கிறது என்பார்.

மூல ரிம்வேர்ல்டில் குண்டு படாதவரை ஆளுக்கு ஒன்றுமில்லை. காதுக்குப் பக்கத்தில் நூறு குண்டு பறந்தாலும் நின்ற இடத்தில் நின்று நிதானமாகச் சுடுவான். எனக்கு இந்த விளையாட்டில் நம்பவே முடியாமல் இருந்தது இதுதான். கம்பேட் எக்ஸ்டெண்டட் இதைத் திருத்துகிறது. பக்கத்தில் குண்டு பறக்கப் பறக்க ஆளுக்குள் அச்சம் ஏறும். ஓர் அளவுக்கு மேல் போனால் நம் கட்டளையை விட்டுவிட்டு மறைப்பைத் தேடி ஓடுவான். இன்னும் ஏறினால் அப்படியே தரையோடு பதுங்கிவிடுவான். இதற்கு ‘சப்ரெஷன்’ என்று பெயர்: படாவிட்டாலும் பரவாயில்லை என்று சுட்டுக்கொண்டே இருந்து எதிராளியைத் தலை தூக்கவிடாமல் வைப்பது. கனத்த கவசம் போட்டவனுக்கு இந்த அச்சம் மெதுவாகத்தான் ஏறும்.

இது வந்ததும் இயந்திரத் துப்பாக்கியின் வேலையே மாறிவிடுகிறது. அது எத்தனை பேரைக் கொன்றது என்ற கேள்வி போய், எத்தனை பேரை எவ்வளவு நேரம் படுக்கவைத்தது என்ற கேள்வி வருகிறது. ஒருவன் அவர்களைப் படுக்கவைத்திருக்கும்போது இரண்டு பேர் பக்கவாட்டில் சுற்றிப் போகலாம். சண்டை முதல் தடவையாகக் கூட்டு வேலையாகிறது.

சண்டை ஸ்டோரில் தொடங்குகிறது

மூல விளையாட்டில் தோட்டா தீராது. இங்கே தீரும். தோட்டாவை வேலை மேசையில் செய்ய வேண்டும், அதற்கு எஃகு வேண்டும், செய்ய ஆள் வேண்டும். செய்ததை ஆள் சுமந்துகொண்டு போக வேண்டும். தீர்ந்ததும் மாற்றி நிரப்ப வேண்டும். நிரப்பும் நேரத்தில் அவன் வெறுங்கையன்.

சுமப்பதற்கு இரண்டு அளவு: எடை, பருமன். கப்சாயில் 25 கிலோ அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு வரலாம். பஞ்சு மெத்தையைக் கட்டிப் பாருங்கள். எடையே இல்லை, ஆனால் ஓட்ட முடியாது. மோட்டில் ஆள் இரண்டு அளவுக்கும் உட்பட்டுத்தான் சுமக்க முடியும். மிஞ்சினால் நடை தளரும், கை வேகம் குறையும்.

அப்புறம், எல்லாத் தோட்டாவும் எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தாது. தலைவிளக்குக்குப் பொருந்தும் பேட்டரி ரிமோட்டுக்குப் பொருந்தாத மாதிரி. துப்பாக்கிக் குழாயின் விட்டத்தை வைத்துச் சொல்லும் இந்த அளவுக்கு ‘காலிபர்’ என்று பெயர்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் மறக்காது. விளையாட்டில் என் ஆட்களுக்குப் பழைய லயத்துப் பெயர்களை வைப்பது வழக்கம். மாரிமுத்து என்று ஒருவன், நல்ல குறிகாரன். மூன்றாவது அலையாகக் கொள்ளைக்காரர்கள் வடக்கு வாசலில் ஏறும்போது அவன் துப்பாக்கி காலி. ஸ்டோரைத் திறந்து பார்த்தேன். 300 தோட்டா, அடுக்கி வைத்தபடி இருக்கிறது. அத்தனையும் 7.62 அளவு. அவன் கையில் இருந்தது 5.56. போன வாரம் ஒரு கொள்ளைக்காரனிடம் பிடித்த துப்பாக்கி நன்றாக இருக்கிறதே என்று நானேதான் மாற்றிக் கொடுத்திருந்தேன். மாரிமுத்து துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் அடித்தான். இரண்டு பேரைச் சாய்த்துவிட்டு விழுந்தான். மருத்துவம் தெரிந்த செல்லம்மா மருந்தோடு ஓடிப்போய், அடிபட்டுக் கிடந்த இடத்திலேயே ரத்தத்தைக் கட்டுப்படுத்தினாள். அந்த வசதியும் இந்த மோட்டில் உண்டு: தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு வரும்வரை தாங்க மாட்டான் என்றால், அங்கேயே தற்காலிகமாகக் கட்டுப் போடலாம். பிழைத்தான். ஒரு கால் போய்விட்டது.

அன்றிலிருந்து என் குடியிருப்பில் இரண்டே காலிபர்தான். மற்றவை எவ்வளவு நல்ல துப்பாக்கியாக இருந்தாலும் வியாபாரிக்குப் போய்விடும்.

அப்போது மருமகன் சொன்னது?

இப்போது மாமாக் கடைக்குத் திரும்பலாம். மருமகன் பல மாதம் பொறுமையாக விளையாடி, தன் ஆட்களுக்கு மரைன் கவசம் போட்ட பிறகு வந்த கூட்டம் வில்லும் ஈட்டியும் வைத்திருந்த பழங்குடிக் கூட்டம். அம்பின் ஊடுருவல் அந்தக் கவசத்தின் தடிமனுக்குப் பக்கத்திலேயே வராது. மூல விளையாட்டில் இருபது அம்பில் ஒன்றாவது கட்டையின் புண்ணியத்தில் உள்ளே போயிருக்கும். இங்கே இருநூறு விட்டாலும் போகாது. அதனால்தான் அவனுக்கு ‘சாவே இல்லை’.

கூட்டாளியின் ஆட்கள் துணிச் சட்டையோடு, மறைப்பு எதுவும் இல்லாத முற்றத்தில், தானியங்கித் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் முன்னால் நின்றார்கள். துணிக்குத் தடிமன் ஏது? பட்ட குண்டெல்லாம் முழுக் காயம். மூல விளையாட்டில் கட்டை சிலரையாவது காப்பாற்றியிருக்கும்.

அவனுடைய ஆட்களைக் கொன்றதும் இவனுடைய ஆட்களைக் காத்ததும் ஒரே கணக்குதான். தயாராக இருந்தவனுக்கு அது இரக்கமாகத் தெரிகிறது, தயாராகாதவனுக்குக் கொடுமையாகத் தெரிகிறது. விளையாட்டைக் கஷ்டமாக்கும் மோட் என்றோ சுலபமாக்கும் மோட் என்றோ இதைச் சொல்வது பொருந்தாது.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கவசம் வலுவாகிவிட்ட பிறகு வரும் பலவீனமான கூட்டங்கள் சுவாரசியமே இல்லாமல் போய்விடும் என்று சிலர் சொல்வது உண்மைதான். எனக்கே அலுத்திருக்கிறது. கட்டை கொடுத்த அந்தத் திடுக் திருப்பம் அங்கே கிடைக்காது. கதைக்காக விளையாடுகிறவர்களுக்கு மூல விளையாட்டே நிறைவாக இருக்கும், அதில் தாழ்வு ஒன்றுமில்லை. முழு மாற்றமும் வேண்டாம், கொஞ்சம் மாறினால் போதும் என்பவர்களுக்கு ‘யாயோஸ் கம்பேட்’ என்று எடை குறைந்த மோட் ஒன்று இருக்கிறது.

‘நிஜம்’ என்பதற்கும் எல்லை உண்டு. திரையில் ஆட்கள் இன்னும் கட்டங்களில்தான் நிற்கிறார்கள். நிஜத் துப்பாக்கி எட்டும் தூரத்தோடு ஒப்பிட்டால் இங்கே எல்லாரும் முற்றத்துக்குள் நின்றுதான் சுடுகிறார்கள். பாட்டி கன்னத்தில் பட்ட தரையின் குளிரை எந்த மோட்டும் கொண்டுவராது, கொண்டுவரவும் வேண்டாம்.

முதல் தடவை போடுகிறவர்களுக்கு

ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தின் வொர்க்‌ஷாப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. ‘ஹார்மனி’ என்ற துணை மோட் முதலில் இருக்க வேண்டும். அது இல்லாமல் இது ஓடாது. பாதியில் நிற்கும் பழைய ஆட்டத்தில் இதைச் சேர்க்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் இஞ்சின் மாற்றுகிற வேலை அது. புது ஆட்டம் தொடங்குங்கள்.

வேறு மோட்களிலிருந்து துப்பாக்கி, கவசம், மிருகம் சேர்த்திருந்தால் கவனம். அந்தப் பொருள்களுக்கு மில்லிமீட்டர் கணக்கு தெரியாது, அவை விழுக்காட்டுக் காலத்தில் செய்தவை. இரண்டையும் சேர்த்துவைக்கும் ஒட்டு நிரலுக்கு ‘பேட்ச்’ என்று பெயர். பிரபலமான பல மோட்களுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. இல்லாத ஒன்றைச் சேர்த்தால் யாராலும் துளைக்க முடியாத ஆடு ஒன்று உங்கள் குடியிருப்பில் திரியலாம். ‘இந்த மோட் சரியில்லை’ என்று நான் கேட்ட புகார்களில் நிறைய இந்த வகைதான்.

தோட்டாக் கணக்கு பயமாக இருந்தால் அமைப்புகளில் அதை மட்டும் அணைத்துவிடலாம். குண்டு பறப்பதும், கவசமும், பதுங்குவதும் அப்படியே இருக்கும். கூட்டாளியிடம் அதைத்தான் சொன்னேன். அணைத்துவிட்டு ஓர் ஆட்டம் முழுசாக ஆடு, மூட்டைக்குப் பின்னால் ஆளை நிறுத்தப் பழகு, எல்லாருக்கும் தலைக்கவசம் செய். அடுத்த ஆட்டத்தில் தோட்டாவைத் திறந்துகொள்ளலாம். திறந்த அன்றைக்கே ஒவ்வொருவனுக்கும் எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா, எத்தனை என்று ‘லோட்அவுட்’ பட்டியலில் எழுதி வைத்துவிட வேண்டும். அதன்பிறகு ஆட்கள் தாங்களே ஸ்டோருக்குப் போய் எடுத்துக்கொள்வார்கள்.

நேற்று அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. வடக்கு வாசலில் மணல் மூட்டை, பின்னால் ஐந்து பேர், ஐந்து பேர் தலையிலும் கவசம். கீழே ஒரு வரி: “அங்கிள், ரெண்டு காலிபர்தான் வச்சிருக்கேன்.”